நெஞ்சே, எனக்கு எதிராகச் சாட்சி சொல்லாதே: எகிப்தியக் கல்லறை மந்திரங்களைக் கணினி வழி கற்க ஒரு முழுமையான வழிகாட்டி

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் 36.3.2 என்ற பதிவெண்ணில் ஒரு கல் வண்டு இருக்கிறது. பச்சைக் கல்லில் செதுக்கி, பொன்னில் பதித்து, பொற்சங்கிலியில் கோத்த வண்டு. ஹத்நெஃபர் என்ற முதிய பெண்ணோடு புதைக்கப்பட்டது. அவர் ஹாட்ஷெப்சுட் அரசியிடம் பெரும் செல்வாக்கோடு இருந்த சென்மூத் என்ற அதிகாரியின் தாய். பழைய எகிப்தியத் தலைநகரான தீப்ஸின் மலைச்சரிவில் ஹத்நெஃபரின் கல்லறை யாரும் தொடாத நிலையில் 1936-இல் கிடைத்தது. வண்டைத் திருப்பினால் அடிப்பக்கம் முழுக்க எழுத்து. இறந்தவர் தன் நெஞ்சைப் பார்த்துக் கெஞ்சுகிறார்:

"என் தாய் தந்த நெஞ்சே, என் தாய் தந்த நெஞ்சே, மண்மேல் நான் வாழ்ந்த காலமெல்லாம் இருந்த நெஞ்சே! எனக்கு எதிராகச் சாட்சியாக எழுந்து நிற்காதே."

ஹத்நெஃபரின் பெயர் இருக்கும் இடத்தில் மட்டும், ஏற்கெனவே இருந்த எழுத்து சுரண்டப்பட்டிருக்கிறது. அதன் மேல் இவர் பெயரை வெட்டியிருக்கிறார்கள். ஆக, அந்த வண்டு முதலில் வேறு யாருக்காகவோ செய்யப்பட்டது.

இந்த ஒரு தகவலுக்காகத்தான் இந்த வழிகாட்டியையே எழுத வேண்டும் என்று தோன்றியது. இந்த மந்திரத்தின் மொழிபெயர்ப்பு வேண்டுமென்றால் இணையத்தில் அரை நிமிடத்தில் கிடைத்துவிடும். சுரண்டிய பெயர் அந்த மொழிபெயர்ப்பில் இருக்காது. தேடுபெட்டி நமக்குத் தருவது உரையை மட்டும்தான். அது இருந்த கல்லையும், பொன்னையும், உடலையும் கழற்றி வைத்துவிட்டுத் தருகிறது. எகிப்தியருக்கோ அந்த மூன்றும் சேர்ந்தால்தான் மந்திரம். ஆகவே நான் சொல்லும் வழி ஒன்றே: கையில் பிடிக்கக்கூடிய பொருளில் தொடங்குங்கள், எழுத்துக்குப் போங்கள், சொல்லுக்குள் இறங்குங்கள், பிறகு அந்தப் பொருளுக்கே திரும்பி வாருங்கள். கீழே வரும் கருவிகள் ஏறத்தாழ அனைத்தும் இலவசம். ஒரு மடிக்கணினியும் பொறுமையும் போதும்.

படி 1: மூன்று குடும்பங்களைப் பிரித்தறியுங்கள்

கல்லறை உரைகளில் மூன்று பெரிய தொகுதிகள் உண்டு. மூத்தது பிரமிடு உரைகள். 5ஆம் வம்சத்தின் கடைசி மன்னர் உனாஸின் பிரமிடுக்குள், சக்காராவில், ஏறத்தாழ கி.மு. 2350-இல் முதன்முதலாகச் சுவரில் செதுக்கப்பட்டவை. 1880, 1881 ஆண்டுகளில் காஸ்தோன் மாஸ்பெரோ அவற்றை வெளியுலகுக்குக் கொண்டுவந்தார். அடுத்தது, உனாஸுக்குச் சில நூற்றாண்டுகள் கழித்து வந்த மத்திய அரசுக் காலத்தில் அதிகாரிகளும் அவர்கள் மனைவியரும் தங்கள் சவப்பெட்டிகளில் எழுதிக்கொண்ட பெட்டி உரைகள். அட்ரியான் டி பக் 1935 முதல் 1961 வரை 7 தொகுதிகளாக அவற்றைப் பதிப்பித்தார், 1185 மந்திரங்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் அந்தத் தொகுதிகளை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். மூன்றாவது நாம் 'இறந்தோர் நூல்' என்று சொல்லும் தொகுதி.

அந்தப் பெயர் எகிப்தியர் வைத்ததல்ல. 1842-இல் ரிச்சர்ட் லெப்சியஸ் என்ற ஜெர்மானியர் டூரின் நகரத்தில் இருக்கும் ஒரு பாப்பிரஸ் (நாணல் தாள்) சுருளை வெளியிட்டபோது வைத்தது. எகிப்தியர் சொன்ன பெயர் 'பகலில் வெளிவருவதற்கான மந்திரங்கள்'. லெப்சியஸ் தன் சுருளில் இருந்த வரிசைப்படி 1 முதல் 165 வரை எண் போட்டார். இன்றுவரை அதே எண்கள்தான். பிறகு கிடைத்தவை அதன்பின் சேர்க்கப்பட்டன. ஆனால் அவர் எடுத்துக்கொண்டது, கிரேக்க வழி மன்னர்கள் எகிப்தை ஆண்ட தாலமி காலத்துச் சுருள். அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய சுருள்களில் அந்த வரிசையே கிடையாது. ஒவ்வொருவரும் தமக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுத்து எழுதி வாங்கினார்கள். எனவே 'முதல் அத்தியாயத்திலிருந்து படிக்கிறேன்' என்று உட்காராதீர்கள். அப்படி ஒரு நூலை எந்த எகிப்தியரும் படித்ததில்லை.

ஒரு சின்ன எச்சரிக்கை. ஆங்கிலத்தில் பிரமிடு உரைகளுக்கும் இறந்தோர் நூலுக்கும் போடும் சுருக்கங்கள் இரண்டுமே தமிழில் 'பிடி' என்றுதான் வந்து நிற்கும். என் பழைய குறிப்பேட்டில் 'பிடி 17' என்று எழுதிவைத்துவிட்டு, எந்தப் பிடி என்று தெரியாமல் ஒரு மாலைப்பொழுது முழுக்கத் தேடியிருக்கிறேன். இப்போது 'பிரமிடு 213', 'பெட்டி 335', 'இறந்தோர் 17' என்றே எழுதுகிறேன்.

படி 2: ஒரே ஒரு மந்திரம், ஒரே ஒரு பொருள்

எல்லாவற்றையும் படிக்க ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள். முதல் மூன்று மாதத்துக்கு ஒரு மந்திரம் போதும்.

நான் பரிந்துரைப்பது இறந்தோர் 30-ஐ. ஹத்நெஃபரின் வண்டில் நாம் பார்த்த மந்திரம்தான் அது. அதற்கு இரண்டு வடிவங்கள்: 30அ, 30ஆ. சிறியது. திரும்பத் திரும்பக் கிடைப்பது. ஹத்நெஃபருடையது போன்ற நெஞ்சு வண்டுகளில், பாப்பிரஸ்களில் என்று பல இடங்களில் பார்க்கலாம். பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கும், ஆனி என்ற எகிப்திய எழுத்தரின் பாப்பிரஸில் நெஞ்சைத் தராசில் நிறுக்கும் புகழ்பெற்ற காட்சி உண்டல்லவா, அங்கே ஆனி சொல்வது இந்த மந்திரத்தைத்தான். வேறு வேண்டுமென்றால் மறுமையில் இறந்தவருக்காக வேலை செய்யக் கல்லறையில் வைத்த உஷப்தி பொம்மைகளில் வரும் மந்திரம் 6-ஐ எடுக்கலாம். மந்திரம் 17-ஐ முதலில் தொடாதீர்கள். பெட்டி உரைகளின் 335ஆம் மந்திரத்திலிருந்து வளர்ந்தது அது, 'இதன் பொருள் என்ன?' என்று உரைக்குள்ளேயே உரையாசிரியர்கள் புகுந்து பேசும் சிக்கலான பகுதி. பின்னால் அதை ரசிக்கலாம்.

படி 3: படத்தை முதலில் பாருங்கள், மொழிபெயர்ப்பைத் திறக்காதீர்கள்

மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் தளத்தில் அந்தப் பதிவெண்ணைத் தேடுங்கள். பொதுவெளி உரிமத்தில் இருப்பதால் படத்தைப் பெரிய அளவில் இறக்கிக்கொள்ளலாம். பிரித்தானிய அருங்காட்சியகத்தின் படங்களையும் இறக்கலாம். ஆனால் அவற்றை வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, மூலத்தைச் சொல்ல வேண்டும். உரிம வரியைப் படத்தோடு சேர்த்தே சேமித்துவிடுங்கள், பிறகு தேட முடியாது.

படத்தைத் திறந்ததும் மூன்று கேள்விகள்.

எந்தப் பக்கமிருந்து படிப்பது? பறவைகளும் மனிதர்களும் எந்தப் பக்கம் பார்க்கிறார்களோ அந்தப் பக்கமிருந்து தொடங்க வேண்டும் என்பது பொது விதி. ஆனால் ஹத்நெஃபர் வாழ்ந்த புதிய அரசுக் காலத்து இறந்தோர் நூல் பாப்பிரஸ்கள் பலவற்றில் இந்த விதி தலைகீழாகிறது. குறிகள் வலப்பக்கம் பார்க்கும். நிரல்களையோ இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். இதை அறியாமல் பின்னாலிருந்து முன்னால் படித்து, 'உரை குழம்பியிருக்கிறது' என்று முடிவுகட்டுபவர்கள் உண்டு. நானும் ஒரு வாரம் அப்படித்தான் படித்தேன்.

நிறம் என்ன? பாப்பிரஸில் உரை கறுப்பு மையில் ஓடும். தலைப்பும், 'இதை எப்படிச் செய்வது' என்ற குறிப்பும் சிவப்பு மையில் வரும். அந்தச் சிவப்புக் குறிப்புதான் மந்திரத்தின் செய்முறை. 30ஆ-வின் செய்முறைக் குறிப்பு, பச்சைக் கல்லில் வண்டு செய்து, அதை எலெக்ட்ரம் என்னும் பொன்-வெள்ளிக் கலவையால் சூழ்ந்து, வெள்ளி வளையம் போட்டு, இறந்தவரின் கழுத்தில் வை என்கிறது. தொடர்ந்து ஒரு கதையும் வரும்: மென்காவுரே மன்னர் காலத்தில் ஹெர்மொபொலிஸ் நகரில், கடவுளின் பாதத்தடியில், கடவுளே எழுதிய எழுத்தாக இந்த மந்திரத்தை இளவரசர் ஹோர்ஜெதெஃப் கண்டெடுத்தார் என்று. மென்காவுரே கிசாவின் மூன்றாம் பிரமிடுக்கு உரியவர். இதைப் படியெடுத்த எழுத்தர்களுக்கே அவர் ஆயிரம் ஆண்டுப் பழைமை. அந்தப் பழைமையைச் சொல்வதும் மந்திரத்தின் வலிமையில் சேர்த்திதான்.

சிதைக்கப்பட்ட குறிகள் உண்டா? பிரமிடு உரைகளில் பல இடங்களில் மனித உருவங்களைத் தவிர்த்திருப்பார்கள், அல்லது பாதி உடலாக எழுதியிருப்பார்கள். மத்திய அரசின் பிற்பகுதிப் பெட்டிகள் சிலவற்றில் பறவைகளுக்குக் கால் இருக்காது. பாம்பு இரண்டு துண்டாக இருக்கும். எழுத்தாக வரைந்த பாம்பும் இறந்தவரைக் கடித்துவிடக்கூடும் என்ற அச்சம் அது. எழுத்து உயிருள்ளது என்று நம்பிய ஒரு நாகரிகத்தை இதைவிட நெருக்கமாகக் காட்டும் சான்று எனக்குத் தெரியவில்லை. குறிகளின் ஒலியை மட்டும் இன்றைய எழுத்தில் எழுதும் ஒலிபெயர்ப்பில் அந்தப் பாம்பு வெறும் ஒரு மெய்யெழுத்தாகிவிடும். கால் வெட்டப்பட்டதோ உடல் துண்டானதோ அங்கே தெரியவே தெரியாது. படத்தில் பார்த்ததை உடனே குறித்துவைத்தால்தான் உண்டு.

படி 4: குறிகளை உங்கள் கையால் தட்டச்சு செய்யுங்கள்

ஜேசெஷ் என்ற இலவச மென்பொருளை நிறுவிக்கொள்ளுங்கள். செர்ஜ் ரோஸ்மோர்டுக் உருவாக்கியது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஆலன் கார்டினர் தன் இலக்கண நூலில் குறிகளை வகைபிரித்துக் கொடுத்த எண்கள்தான் இதற்கும் அடிப்படை. மனிதர்கள் ஏ, பறவைகள் ஜி, நீரும் வானும் மண்ணும் என், கட்டடங்கள் ஓ. ஆந்தை ஜி 17. நீரலை என் 35. நெஞ்சு எஃப் 34. இந்த எண்ணைத் தட்டினால் குறி வந்துவிடும். ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்க முக்காற்புள்ளி, பக்கத்தில் வைக்க உடுக்குறி, அடுத்த குறிக்குப் போகச் சிறுகோடு. இந்த எழுத்துமுறைக்கு மானுவேல் தெ கோதாஜ் என்று பெயர். 1980களில் எகிப்தியவியலாளர்கள் கூடி வகுத்தது. இன்றும் பல கருவிகளுக்கு இதுதான் பொதுமொழி.

நகலெடுத்து ஒட்டினால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. கையால் தட்டும்போதுதான் கண்ணில் படும். ஒரு எடுத்துக்காட்டு: இந்த மந்திரத்தில் நெஞ்சுக்கு இரண்டு சொற்கள் வருகின்றன. ஒன்று 'இப்'. அதற்கு வெறும் நெஞ்சுக் குறியும் ஒரு கோடும் போதும். மற்றது 'ஹாத்தி'. அதை எழுதச் சிங்கத்தின் முன்பாதி உடலை வரைவார்கள். தலையும் முன்னங்கால்களும் மட்டும். 'முன்னால் உள்ளது' என்ற பொருளுக்கான குறி அது. ஆக, ஹாத்தி என்றால் 'முன்னிருப்பது'. மொழிபெயர்ப்புகளில் இரண்டுமே ஒரே 'இதயம்' ஆகிவிடும். சிங்கக் குறியைத் தேடித் தட்டியவருக்கு அந்த வேறுபாடு மறக்காது.

இன்னொன்று இதைவிட அழகானது. 30ஆ-வின் தொடக்கத்தில் 'என் பல்வேறு வடிவங்களின் நெஞ்சே' என்று வரும். வடிவம், உருவாதல் என்ற பொருள்தரும் 'ஹெப்பர்' என்ற சொல்லை எழுதும் குறி ஒரு வண்டு. இந்த மந்திரம் எழுதப்படுவதும் வண்டின் வயிற்றில். எழுதப்பட்ட பொருளும் எழுத்தும் ஒன்றையே சொல்கின்றன. தட்டச்சு செய்யும்போது எல் 1 என்ற எண்ணை அடித்து அந்த வண்டு திரையில் வந்த கணம், நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

சொல்லின் கடைசியில் வரும் 'என்' என்ற தன்மை ஒட்டையும் கவனியுங்கள். அது உட்கார்ந்த ஆணின் உருவமா, பெண்ணின் உருவமா, அல்லது எழுதாமலே விட்டிருக்கிறார்களா? பெண்ணுக்கான பொருளிலும் ஆண் உருவமே இருந்தால், முன்மாதிரியை அப்படியே படியெடுத்தார்கள் என்று ஊகிக்க இடமுண்டு. பொருளுக்குப் பொருள் இதைக் குறித்துவையுங்கள்.

கைபேசியில் எகிப்தியக் குறிகளைப் பார்க்க யூனிகோடு உதவும். 2009-இல் 1071 குறிகள் சேர்ந்தன. 2024-இல் மேலும் 3995. நோட்டோ எழுத்துரு முதல் தொகுதியைக் காட்டும். ஆய்வுக்கு ஜேசெஷ், பகிர யூனிகோடு என்று வைத்துக்கொண்டால் போதும்.

படி 5: ஒலிபெயர்ப்பின் கண்ணிகள்

இங்கேதான் புதியவர்கள் பலர் தளர்ந்துபோகிறார்கள். காரணம் சின்னதுதான்.

எகிப்திய எழுத்தில் உயிரொலி எழுதப்படவில்லை. ஹத்நெஃபர் என்பதில் உள்ள எகரம் நாம் வாய்க்கு வசதியாகப் போட்டுக்கொண்டது. அதே வேளை ஹகர ஒலி மட்டும் நான்கு வகை. நமக்கு லகர ளகர ழகரம் எப்படியோ அப்படி: ஒன்றை மற்றொன்றாக எழுதினால் சொல்லே வேறு. தமிழ் எழுத்தில் நான்கையும் காட்ட வழியில்லை. எனவே தேடலுக்கு ஆங்கில எழுத்துக் குறியீட்டைத்தான் பழக வேண்டும். அதில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறுவேறு ஒலிகள். சின்ன 'ஏ' ஓர் ஒலி, பெரிய 'ஏ' வேறொன்று. சின்ன 'ஹெச்', பெரிய 'ஹெச்', சின்ன 'எக்ஸ்', பெரிய 'எக்ஸ்' என்று ஹகரங்கள் நான்கு. ஒரு அட்டையில் எழுதி மேசைமேல் ஒட்டிவிடுங்கள்.

அடுத்த கண்ணி: நாட்டுக்கு நாடு மரபு மாறும். நெஞ்சு என்ற 'இப்' ஆங்கில நூல்களில் பெரும்பாலும் 'ஐ' எழுத்தில் தொடங்கும். ஜெர்மானியர் அதையே 'ஜே' என்று எழுதுவார்கள். ஆங்கில நூலில் பார்த்ததை ஜெர்மன் தரவுத்தளத்தில் தட்டி, ஒன்றும் வராமல், 'இந்தச் சொல் இங்கே இல்லை' என்று போய்விடாதீர்கள்.

படி 6: சொல்லுக்குள் இறங்குவது

பெர்லின்-பிராண்டன்பர்க் அறிவியல் கழகமும் லைப்சிக்கில் உள்ள சாக்சன் அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் தெசாரஸ் லிங்வே எகிப்தியே என்ற சொற்களஞ்சியம்தான் இந்தத் துறையின் முதன்மையான கருவி. சுருக்கமாக டிஎல்ஏ. அடால்ஃப் எர்மன் 1897-இல் தொடங்கிய எகிப்தியச் சொல்லகராதிப் பணியின் வாரிசு இது. அன்று அவர்கள் ஒவ்வொரு உரையையும் துண்டுச்சீட்டுகளில் எழுதி அடுக்கினார்கள். அந்தக் கையெழுத்துச் சீட்டுகளின் படங்களையும் இணையத்தில் புரட்டலாம். நூறாண்டுக்கு முன் ஒருவர் மசியில் வரைந்த குறிகளையும், ஓரத்தில் போட்ட கேள்விக்குறியையும் அதில் பார்க்கும்போது கிடைக்கும் துணிவு தனி. அவர்களுக்கும் சந்தேகம் இருந்திருக்கிறது.

டிஎல்ஏவில் 'இப்' என்ற தலைச்சொல்லைத் திறந்து பாருங்கள். பொருள், வேறு எழுத்து வடிவங்கள், வழக்கிலிருந்த காலம் எல்லாம் வரும். அதோடு நிற்காமல், வாக்கியங்களுக்குப் போங்கள். அந்தச் சொல் வரும் ஒவ்வொரு வாக்கியமும் ஒலிபெயர்ப்போடும் மொழிபெயர்ப்போடும் வரிசையாக வரும். இருபது வாக்கியங்களைப் படியுங்கள். பிறகு 'ஹாத்தி'க்கு அதையே செய்யுங்கள். எது யாரோடு வருகிறது, எந்த வினையோடு வருகிறது என்று உங்கள் சொந்தக் குறிப்பை எழுதுங்கள். அகராதி தரும் ஒருசொல் பொருளைவிட இந்தக் குறிப்பு உங்களுக்கு நெடுநாள் உதவும்.

மொழிபெயர்ப்புகள் பெரும்பாலும் ஜெர்மனில் இருக்கும். உலாவியின் தானியங்கி மொழிபெயர்ப்பைப் பயன்படுத்தலாம், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல. ஜெர்மனில் மந்திரத்துக்கு 'ஷ்ப்ரூஹ்' என்பார்கள். அந்தச் சொல்லுக்குத் தீர்ப்பு, பொன்மொழி, முழக்கம் என்றும் பொருள் உண்டு. 'தீர்ப்பு 125' என்று திரையில் வந்தால், அது 125ஆம் மந்திரம்.

எகிப்திய மொழியில் மந்திரத்துக்கு என்ன சொல்? 'ரா'. அதை எழுதும் குறி ஒரு வாய். வாய்தான் சொல், சொல்தான் மந்திரம். இந்த ஆற்றலுக்கு அவர்கள் வைத்த பெயர் ஹெக்கா. அது ஒரு கடவுளின் பெயரும்கூட. பெட்டி உரைகளில் 261ஆம் மந்திரம், இறந்தவர் ஹெக்காவாகவே மாறுவதற்கானது. தமிழில் இதை 'மாந்திரீகம்' என்று எழுதினால் செய்வினை, சூனியம் என்ற நினைப்பு கூடவே வந்துவிடும். ஹெக்கா அப்படி ஒளிந்து செய்வதல்ல. படைப்பின் தொடக்கத்திலேயே இருந்தது, கடவுளரும் கோயில் பூசாரிகளும் பயன்படுத்தியது. நான் 'மந்திர ஆற்றல்' என்று எழுதுகிறேன், அல்லது ஹெக்கா என்றே விட்டுவிடுகிறேன்.

நெஞ்சு என்றா, இதயம் என்றா? எனக்குச் சந்தேகமே இல்லை. தன் நெஞ்சை விளித்துப் பேசுவது நம் கவிதையில் ஈராயிரம் ஆண்டு வழக்கம். 'இதயமே' என்றால் மருத்துவமனை வாடை அடிக்கிறது, அல்லது திரைப்பாட்டு. 'நெஞ்சே' என்று எழுதும்போது, மனமும் நினைவும் உடலுறுப்பும் ஒன்றாக இருந்த அந்த எகிப்தியச் சொல்லுக்குப் பக்கத்திலாவது போகிறோம்.

படி 7: இதே மந்திரம் வேறு எங்கெல்லாம் இருக்கிறது?

பான் பல்கலைக்கழகத்தின் டோட்டன்புக் திட்டம் உலகெங்கும் சிதறிக்கிடக்கும் இறந்தோர் நூல் சான்றுகளை ஒரே தளத்தில் தொகுத்திருக்கிறது. பாப்பிரஸ், மம்மியைச் சுற்றிய துணிப்பட்டை, போர்வைத் துணி, கல்லறைச் சுவர் என்று ஏறத்தாழ 3000 பொருள்கள். ஒவ்வொன்றுக்கும் காலம், ஊர், உரியவர் பெயர், அவர் பதவி, பெற்றோர், எந்தெந்த மந்திரங்கள் எந்த வரிசையில் வருகின்றன என்ற பட்டியல். டிரிஸ்மெகிஸ்டோஸ் என்ற பொது எண் ஒன்றும் தரப்பட்டிருக்கும். அதைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். அருங்காட்சியகங்கள் பதிவெண்ணை மாற்றலாம். ஒரே சுருள் கிழிந்து மூன்று நாடுகளில் மூன்று எண்ணோடு இருக்கலாம். இந்த எண் அவற்றை ஒன்றாகக் கட்டிவைக்கும்.

30ஆ-வைத் தேடி, காலத்தால் வடிகட்டிப் பாருங்கள். ஒன்றைக் கவனித்துக்கொள்ள வேண்டும்: நெஞ்சு வண்டுகள் தனி வகைப் பொருளாக அருங்காட்சியகத் தளங்களில்தான் அதிகம் கிடைக்கும். பிரித்தானிய அருங்காட்சியகத்தில் 17ஆம் வம்சத்து மன்னர் சோபெக்கெம்சாஃபின் வண்டு இருக்கிறது. மனித முகம் கொண்ட பச்சைக் கல் வண்டு, பொன் சட்டத்தில் பதித்தது. இந்த மந்திரத்தின் மிகப் பழைய சான்றுகளில் ஒன்று. அதையும் உங்கள் தொகுப்பில் சேர்த்துவிடுங்கள். பாப்பிரஸ் ஒன்று, அரசர் வண்டு ஒன்று, ஹத்நெஃபர் வண்டு ஒன்று: தொடங்க மூன்று போதும்.

பாப்பிரஸ் ஹியராட்டிக் என்ற வேகக் கையெழுத்தில் இருந்தால் பயந்துவிடாதீர்கள். மைன்ஸ் நகரின் ஆகுபால் தளத்தில் ஒவ்வொரு குறியும் எந்தக் காலத்தில் எப்படி எழுதப்பட்டது என்று படங்களோடு ஒப்பிடலாம். ஆனால் அது இரண்டாம் ஆண்டுப் பாடம்.

படி 8: அட்டவணை

இனி உண்மையான வேலை. லிப்ரே ஆபிஸ், எக்செல், கூகுள் ஷீட்ஸ் எதுவானாலும் சரி. டி பக் தன் பெட்டி உரைப் பதிப்பில் ஒரே மந்திரத்தின் பல படிகளைப் பக்கம் பக்கமாக நிரல்களில் நிறுத்தினார். ஒரு பெட்டியில் ஒரு சொல் விடுபட்டால் அங்கே வெற்றிடம் தெரியும். அதையே நாம் செய்யப் போகிறோம்.

இடப்பக்க நிரலில் மந்திரத்தைச் சொல் சொல்லாக உடைத்துக் கீழே இறக்குங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நிரல். மேலே பொருளின் பெயர், பொது எண், காலம், ஊர், உரியவர், எந்தப் பொருளால் ஆனது, உடலில் எங்கே இருந்தது. பிறகு ஒவ்வொரு கட்டத்திலும் அந்தப் பொருளில் அந்தச் சொல் எந்தக் குறிகளால் எழுதப்பட்டிருக்கிறது என்பதை ஜேசெஷ் குறியீட்டில் எழுதுங்கள். ஒலிபெயர்ப்பை அல்ல, குறிகளை.

ஐந்தாறு வரி முடிப்பதற்குள் கேள்விகள் தாமாகவே வரும். இங்கே 'வடிவங்களின் நெஞ்சே', அங்கே 'மண்மேல் இருந்த நெஞ்சே' என்று ஏன்? இந்த எழுத்தர் 'சாட்சி' என்ற சொல்லில் ஏன் ஒரு குறியை விட்டார்? இடம் போதவில்லையா? வண்டின் விளிம்பில் கடைசி வரி நெருக்கியடித்திருக்கிறதா? உடனே படத்துக்குப் போய்ப் பாருங்கள். இந்தப் போக்குவரத்துதான் படிப்பு. அட்டவணையும் படமும் திரையில் எப்போதும் அருகருகே திறந்திருக்கட்டும்.

குறிப்புகளையும் கட்டுரைகளையும் அடுக்க சொட்டேரோ என்ற இலவச மென்பொருள் போதும். டிஎல்ஏவில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிலையான அடையாள எண் உண்டு. மேற்கோள் எடுத்தால் அந்த எண்ணையும் சேர்த்தே எடுங்கள்.

எதை நம்புவது, எதை நம்பக்கூடாது

இணையத்தில் மிகுதியாகக் கிடைக்கும் இறந்தோர் நூல் ஆங்கில மொழிபெயர்ப்பு வாலிஸ் பட்ஜ் 1890களில் செய்தது. ஆனியின் பாப்பிரஸை 1888-இல் பிரித்தானிய அருங்காட்சியகத்துக்காக வாங்கியவர் அவர். 24 மீட்டர் நீளமான அந்தச் சுருளை 37 தாள்களாக வெட்டியவரும் அவர்தான். சில வெட்டுகள் ஓவியங்களின் குறுக்கே போயின. காப்புரிமை முடிந்துவிட்டதால் அவர் மொழிபெயர்ப்பு எல்லாத் தளத்திலும் இருக்கிறது. எகிப்திய இலக்கணம் அதன்பின் வெகுதூரம் வந்துவிட்டது. பட்ஜை வரலாற்றுக்காகப் படியுங்கள், மந்திரத்தின் அர்த்தத்துக்காக அல்ல. பிரமிடு உரைகளுக்கு ஜேம்ஸ் ஆலனின் மொழிபெயர்ப்பும், அவர் இலவசமாகவே வெளியிட்ட ஒப்பீட்டுப் பதிப்பும் உண்டு. இறந்தோர் நூலுக்கு ஸ்டீபன் குவெர்க்கின் 2013 மொழிபெயர்ப்பு.

செயற்கை நுண்ணறிவு உரையாடிகளைப் பற்றி. மந்திர எண்ணையும் ஒலிபெயர்ப்பையும் கேட்டால் அவை தயங்காமல் சொல்லும். நான் சரிபார்த்தபோது எண் வேறு மந்திரத்துடையதாகவும், ஒலிபெயர்ப்பு எங்குமே இல்லாத வாக்கியமாகவும் இருந்ததுண்டு. ஜெர்மன் குறிப்பைப் புரிந்துகொள்ள, அட்டவணைச் சூத்திரம் எழுத உதவி கேளுங்கள். எகிப்திய உரையைக் கேட்காதீர்கள். உரை டிஎல்ஏவில் இருக்கிறது, கல்லில் இருக்கிறது.

நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு ஒரு தனி வாசல் உண்டு. டிஎல்ஏ தன் தரவின் ஒரு பகுதியை ஹக்கிங் ஃபேஸ் தளத்தில் வைத்திருக்கிறது. கிட்ஹப்பிலும் எகிப்திய வாக்கியங்களின் தொகுப்பு ஒன்று கிடைக்கும். பைத்தானில் இருபது வரி எழுதி, 'இப்' எந்தச் சொற்களோடு அதிகம் வருகிறது, 'ஹாத்தி' எவற்றோடு என்று எண்ணிப் பார்க்கலாம். எண்ணிக்கை கையில் வந்ததும் ஒன்றை மறக்க வேண்டாம்: அதிகம் வருகிறது என்றால் அதிகம் கிடைத்திருக்கிறது, அதிகம் பதிவேற்றப்பட்டிருக்கிறது என்பதும்தான். சேற்று நிலத்து ஊர்களில் பாப்பிரஸ் மக்கிப்போனது. தீப்ஸின் வறண்ட மலையில் பிழைத்தது.

பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ரீட்டா லூக்கரெல்லி நடத்தும் முப்பரிமாணத் திட்டத்தையும் ஒருமுறை பாருங்கள். சவப்பெட்டியைத் திரையில் சுழற்றி, எந்த மந்திரம் உடலின் எந்தப் பக்கத்துக்கு நேராக இருக்கிறது என்று பார்க்கலாம். அச்சிட்ட பக்கத்தில் இது முடியவே முடியாது.

கடைசி வரி: பெயர்

உங்கள் அட்டவணையில் உரியவர் பெயருக்கு ஒரு வரிசை இருக்கும். அங்கே அவசரப்படாதீர்கள். ஆனியின் சுருளிலேயே, முன்கூட்டி எழுதிவைத்த உரையின் வெற்றிடங்களில் பின்னால் அவர் பெயரை நிரப்பிய இடங்கள் உண்டு. நெஞ்சு வண்டுகள் சிலவற்றில் பெயருக்கான இடம் நிரப்பப்படாமலே இருக்கிறது. அப்படியே கல்லறைக்குப் போயிருக்கின்றன. நாம் கட்டத்தைக் காலியாக விட்டால் இவை எல்லாம் ஒன்றுபோலவே தெரியும்.

எனவே நான்கு குறிப்புகளை வைத்துக்கொள்ளுங்கள். 'வெற்று': எழுத்தர் இடம் விட்டார், யாரும் நிரப்பவில்லை. 'சிதைவு': எழுத்து இருந்தது, உடைந்துவிட்டது. 'சுரண்டல்': ஒருவர் பெயரை அழித்து இன்னொருவர் பெயர். 'படிக்கவில்லை': எழுத்து இருக்கிறது, எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஹத்நெஃபரின் நிரலில் அந்த வரிசைக்கு வரும்போது மூன்றாவதை எழுதுங்கள். பெயர் அழிக்கப்பட்ட அந்த முதல் ஆளுக்கும் கீழே ஒரு வரிசை சேர்த்து, படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கி, எஞ்சிய கீறல்கள் ஏதும் தெரிகின்றனவா என்று பாருங்கள்.